பெங்களூரில் புதுச் செவிலியரின் முதல் ஆண்டு: ஒரு தனியார் மருத்துவமனைத் திட்டம் பற்றிய மதிப்பீடு

பெங்களூரின் தெற்குப் பகுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு இயங்கும் ஒரு தனியார் மருத்துவமனை, பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு வேலைக்கு வருபவர்களுக்கென்று ஓராண்டுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆள் எடுக்கிறார்கள். மதுரையில் நடந்த நேர்காணலில் தேர்வாகி அதில் சேர்ந்தவள் நான். திட்டத்தை முடித்த பிறகும் அங்கேயே பணியில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே அமைப்பில் ஆள் எடுக்கும் மருத்துவமனைகள் அந்த நகரத்தில் பல இருப்பதால், இங்கே சொல்வது அவற்றை எடைபோடவும் உதவக்கூடும். என் கணிப்பில் இந்தத் திட்டத்தின் மதிப்பு முழுவதும் அதன் முதல் மூன்று மாதங்களில் இருக்கிறது. சம்பளம், விடுதி, சாப்பாடு ஆகியவற்றை மட்டும் பார்த்தால் சென்னையையோ கோவையையோ விட்டு இவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியமே இல்லை.

ஊரில் இருந்த வாய்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு 2012இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத்தான் போக வேண்டும். அதில் தேர்வானாலும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அக்காக்களை நாங்கள் பயிற்சிக்குப் போன அரசு மருத்துவமனைகளிலேயே பார்த்திருக்கிறோம். மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் நார்செட் தேர்வு 2020இல் தொடங்கியது, 2023 முதல் முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டங்களாக நடக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின் ஏழாம் நிலையில் 44,900 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்பதால் என் வகுப்பில் பாதிப்பேர் அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆண்களுக்கு 20 விழுக்காடு இடம் மட்டுமே என்பதால், எங்கள் வகுப்புப் பையன்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளிமாநிலத் தனியார் மருத்துவமனைகளைத் தேடத் தொடங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்து அந்தத் தேர்வுக்குப் படிப்பதைவிட வார்டில் நின்றுகொண்டே படிப்பது மேல் என்ற எண்ணத்தில்தான் நான் பெங்களூருக்கு ரயில் ஏறினேன்.

மாநிலம் மாறும் செவிலியருக்கு முதல் வேலை பதிவு மாற்றம். இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அகில இந்திய அமைப்பு என்றாலும், பதிவு எண்ணைத் தருவது மாநிலக் கவுன்சில்தான். 1926ஆம் ஆண்டின் சட்டத்தில் வேர் கொண்ட தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர், கர்நாடகத்தில் முறைப்படி பணியாற்ற வேண்டுமானால், அதனிடமிருந்து தடையின்மைச் சான்று பெற்று அங்குள்ள மாநிலக் கவுன்சிலில் பரிமாற்றப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2023இல் நிறைவேறிய தேசியச் செவிலியர் ஆணையச் சட்டம் நாடு முழுமைக்குமான பதிவேடு ஒன்றுக்கு வழி செய்திருக்கிறது; அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் இந்த அலைச்சல் குறையலாம். இப்போதைக்கு செவிலியருக்கான தேசியத் தனி அடையாள எண்ணை, அதாவது ஆதாரோடு இணைந்த என்.யு.ஐ.டி. எண்ணை, முன்கூட்டியே பெற்று வைத்திருப்பது பெரிய துணை.

இந்த விஷயத்தில் மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு செய்ததைப் பாராட்ட வேண்டும். வேலையில் சேர்வதற்கு முன்பே, என்னென்ன சான்றிதழ், எத்தனை நகல், எதில் யாருடைய கையொப்பம் என்று தெளிவான பட்டியல் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் முதல் வரியே பெயரைப் பற்றியது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும் இன்ஷியல், ஆதாரில் தகப்பனார் பெயராக விரிந்து பின்னால் வந்து நிற்கும். பான் அட்டையில் அதுவே முதல் பெயராகியிருக்கும். கணினியைப் பொறுத்தவரை இவர்கள் மூன்று தனித்தனி ஆட்கள். இதைச் சரிசெய்துகொண்டு வந்தவர்களின் விண்ணப்பம் தடங்கலின்றி நகர்ந்தது. வந்த பிறகு சரிசெய்யத் தொடங்கியவர்கள் ஊருக்கும் பெங்களூருக்குமாக அலைந்தார்கள். இறுதியாண்டில் இருக்கும் தங்கைகள் இந்த ஒரு வேலையையாவது இப்போதே முடித்துவிட வேண்டும்.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. கர்நாடகப் பதிவு கைக்கு வரும்வரை ‘டிரெய்னி’ என்ற பெயரில் வைத்து, மாதம் 3,000 ரூபாய் குறைத்தே சம்பளம் தருகிறார்கள். நேர்காணலில் இதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. நியமனக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. பதிவுக் கட்டணத்தையும் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். தேவை மருத்துவமனைக்கும் இருக்கிறது என்னும்போது பாதியையாவது அவர்கள் ஏற்றிருக்கலாம்.

சம்பளக் கணக்கைத் திறந்தே எழுதுகிறேன், ஏனென்றால் வளாக நேர்காணலுக்கு வரும் எவரும் இதைத் திறந்து சொல்வதில்லை. அறிவிக்கப்பட்ட தொகை மாதம் 24,000 ரூபாய். அது நிறுவனத்தின் மொத்தச் செலவுக் கணக்கு, அதாவது சி.டி.சி. அதிலேயே அவர்கள் கட்டும் பி.எஃப். பங்கு 1,800 ரூபாய் அடங்கியிருக்கிறது. மீதி 22,200இல் என் பங்கு பி.எஃப். 1,800, விடுதி வாடகை 2,500 போக, பதிவு வந்து முழுச் சம்பளம் பெற்ற பிறகும் கைக்கு வந்தது 17,900 ரூபாய். மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. கிடையாது, அதற்கு ஈடாகத் தரப்படும் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனைகள் அந்தந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைக்குக் குறைவான சிறு மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. முந்நூறு படுக்கை மருத்துவமனை ஒன்று, சிறு மருத்துவமனைக்கு வகுத்த தரைக்கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது என்பதுதான் இன்றைய நிலை. இந்த அம்சத்தில் திட்டத்துக்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

இனி அதன் பலத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் வகுப்பு. தீயணைப்பு, கணினிப் பதிவு, நோயாளி உரிமை போன்றவை வழக்கமானவைதான். அவற்றில் தூங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை மருத்துவமனையே தன் செலவில் தந்து, இரண்டாண்டு செல்லும் அட்டையும் வாங்கிக் கொடுத்தது நல்ல விஷயம். அதன் பிறகு வார்டுக்கு அனுப்பி, ஒவ்வொருவரையும் குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஒரு மூத்த செவிலியரிடம் ஒப்படைக்கிறார்கள். பிரிசெப்டர் என்று அழைக்கப்படும் அவருடைய ஷிப்ட்டுதான் நமக்கும் ஷிப்ட். அவருடைய நோயாளிகள்தான் நமக்கும் நோயாளிகள். முதல் மாதம் அவர் செய்ய நாம் பார்ப்பது, இரண்டாம் மாதம் நாம் செய்ய அவர் பார்ப்பது, மூன்றாம் மாதம் நாம் தனியாகச் செய்ய அவர் கூப்பிடு தூரத்தில் இருப்பது என்பது ஏற்பாடு.

எனக்கு வாய்த்தவர் கோட்டயத்துக்காரர். வார்டில் எல்லோருக்கும் அவர் சேச்சி. ஓரளவு தமிழும் பேசுவார். கல்லூரியில் நாங்கள் படித்ததற்கும் அவர் சொல்லித்தந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பொட்டாசியம் குளோரைடு ஒன்றை வைத்தே காட்டலாம். அந்த மருந்து வார்டில் மற்ற ஊசிமருந்துகளோடு இருக்காது. சிவப்பு ஒட்டுத்தாளோடு தனிப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்துபோன ஒரு பெரியவருக்கு, 20 மில்லி ஈக்விவலன்ட்டை (உப்புச் சத்தை அளக்கும் அலகு அது) 500 மி.லி. சலைனில் கலந்து நான்கு மணி நேரத்தில் ஏற்றும்படி மருத்துவர் எழுதியிருந்தார். அபாய மருந்துகளை இரண்டு செவிலியர் சரிபார்க்க வேண்டும் என்பது பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள விதிதான். பல இடங்களில் ஒருவர் கலந்து முடித்த பிறகு இன்னொருவர் கையெழுத்துப் போடுவதோடு அது முடிந்துவிடும். சேச்சி என்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பால் திரும்பி நின்றார். “நீ போட்டத என்கிட்ட காட்டாத மோளே. பார்த்துட்டா அப்புறம் என் கணக்கும் உன் கணக்காத்தான் வரும்” என்றார்.

15 விழுக்காட்டுச் செறிவுள்ள 10 மி.லி. ஆம்பியூல், அதாவது மருந்துக் குப்பி, ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. ஆகவே ஓர் ஆம்பியூல். 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் என்றால் மருந்தேற்றும் பம்ப்பில் வைக்க வேண்டிய வேகம் மணிக்கு 125 மி.லி. அப்படியானால் நோயாளிக்குள் போவது மணிக்கு 5 மில்லி ஈக்விவலன்ட். கை நரம்பு வழியாக ஏற்றும்போது பொதுவாகக் கடைப்பிடிக்கும் 10 என்ற வரம்புக்குள் அது இருக்கிறது. இரண்டு காகிதங்களும் ஒத்துப்போன பிறகே பெட்டி திறந்தது. மருந்தைக் கலந்த பாட்டிலை அவர் பலமுறை கவிழ்த்து நிமிர்த்தினார். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் இதை ஏற்றினால், கனமான கரைசல் அடியில், குழாய் தொடங்கும் இடத்திலேயே தங்கிவிடும். கணக்கு சரியாக இருந்தும் முதல் சில நிமிடங்களில் செறிந்த பொட்டாசியம் இதயத்தைப் போய்ச் சேரும். நான்கு ஆண்டுப் பாடத்தில் நான் இந்த ஒரு காரணத்தைக் கேட்டதில்லை. விதியை மட்டும் சொல்லாமல் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் ஆள் பக்கத்தில் நிற்பதற்காகவே சம்பளத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நோயாளிகளை அடுத்த ஷிப்ட்டிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரும் அங்கே ஒழுங்காகக் கற்பிக்கப்படுகிறது. ஷிப்ட் மாறும்போது நர்சிங் ஸ்டேஷனில் நின்று ஏட்டைப் பார்த்து வாசிப்பதை அனுமதிப்பதில்லை. இருவரும் கட்டிலருகே போய், நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்து, என்ன நிலைமை, பின்னணி என்ன, இப்போது என்ன மதிப்பீடு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். பம்ப்பின் வேகம், கை நரம்பில் கேனுலா குழாய் போட்ட தேதி, யூரின் பையின் அளவு ஆகியவற்றை வாங்கிக்கொள்பவர் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து. தொடக்கத்தில் இது நேரத்தைத் தின்கிறது என்று எல்லோரும் முணுமுணுத்தோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் சரியும்போது, மாலையில் அது எவ்வளவு இருந்தது என்று தேடாமலே மருத்துவரிடம் சொல்ல முடிவது இந்தப் பழக்கத்தால்தான்.

ஆனால் மூன்றாம் மாதம் ஏற்பாடு தளர்ந்தது. வெளிநாட்டுக்குப் போகும் செவிலியர்கள் ஒவ்வொருவராக விலகியதால் ஆள் பற்றாக்குறை வந்தது; என் பிரிசெப்டரை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏட்டில் எனக்குப் பிரிசெப்டர் இருந்தார், வார்டில் இல்லை. ஆறு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்று நேர்காணலில் சொல்லப்பட்ட கணக்கு, நைட் டூட்டியில் எட்டு, ஒன்பது என்று ஆனது. போதனை மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நியமம். ஆறு என்பதே அதற்குக் கூடுதல்தான். ஒன்பதை என்னவென்று சொல்வது? இன்சார்ஜ் மேடத்திடம் எழுத்து மூலம் கொடுத்த பிறகு, புதியவர்களுக்கு இரவில் ஆறுக்கு மேல் தர வேண்டாம் என்று அந்தத் தளத்தில் மட்டும் முடிவானது. எழுதிக் கொடுக்காத தளங்களில் பழைய நிலைதான் தொடர்ந்தது என்று தோழிகள் சொன்னார்கள்.

மொழிக்கு மருத்துவமனை செய்வது போதாது. மாலை நேரக் கன்னட வகுப்பு என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஆனால் ஷிப்ட் முடிந்த களைப்பில் போக முடியாத நேரத்தில் அதை வைத்திருக்கிறார்கள். மண்டியா பக்கத்து முதியவர்கள் பலருக்குக் கன்னடம் தவிர வேறு எதுவும் வராது. வங்காளத்திலிருந்து அறுவைச் சிகிச்சைக்கு வருபவர்களிடம் அரைகுறை இந்தியில் ஒப்பேற்ற வேண்டும். வலி எவ்வளவு என்று பூஜ்யம் முதல் பத்து வரை கேட்பது எழுத்துத் தேர்வில் எளிது. இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பாட்டி, நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த கேள்விக்கு “இல்லா, இல்லா” என்றே பதில் சொன்னார். அவருடைய கை மட்டும் கட்டில் கம்பியை விடவே இல்லை. முகப்படங்கள் வரைந்த அட்டையை நீட்டியதும், அழும் முகத்தில் விரலை வைத்தார். அந்த அட்டை எல்லா வார்டிலும் இருக்க வேண்டியது. எங்கள் தளத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் சேச்சி நகலெடுத்து வைத்தது.

செவிலியரின் உடல்நலத்தில் காட்டும் அக்கறையை நிறையாகவே சொல்வேன். சேர்ந்த வாரத்திலேயே ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றலை ரத்தத்தில் அளந்து பார்த்து, 10 அலகுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டணமின்றிப் போட்டார்கள். ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது: அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை என்பதால், அவசரச் சிகிச்சைப் பிரிவில் அதை எப்போதும் இருப்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருத்திக்கு அப்படி நேர்ந்தபோது திட்டாமல் கவனித்துக்கொண்டார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

விடுதி சுமார். அறைக்கு நான்கு பேர், காலையில் மட்டும் வெந்நீர். ஒரே அறையில் வெவ்வேறு ஷிப்ட்டுக்காரர்களைப் போட்டிருப்பதால், நைட் டூட்டி முடித்து வந்தவள் தூங்க முயலும்போது அடுத்தவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். இதை ஒரு பட்டியலைத் திருத்தியே சரிசெய்துவிடலாம், செய்வதில்லை. மெஸ்ஸில் மலையாளிகள் அதிகம் என்பதால் குத்தரிசிச் சோறு கிடைக்கும். சாம்பாரில் வெல்லம் போடுவதை மட்டும் என் நாக்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பாதுகாப்பில் குறை இல்லை. இரவு ஷிப்ட்டுக்கு வேன் வருகிறது.

ஒப்பந்தம் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுத்தது இந்த மருத்துவமனையின் பெரிய நல்ல குணம். வேறு இடங்களில் அசலை வாங்கி வைத்துக்கொண்டு விலக முடியாமல் செய்வதை என் கல்லூரித் தோழிகளே அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் ஓராண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவாக 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை, பெட்டியோடு வந்து இறங்கிய நாளில்தான் நீட்டினார்கள். ஊருக்குத் திரும்பிப் போக டிக்கெட் இல்லாத நேரத்தில் எவரும் அதைப் படித்துப் பார்த்துப் பேரம் பேசுவதில்லை. நேர்காணலில் தேர்வானவுடனே பத்திரத்தின் நகலை மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் தருகிறார்கள் என்பது அடுத்த ஆண்டு வந்தவர்களிடமிருந்து தெரிந்தது. நேர்காணலிலேயே பிரிசெப்டர் எத்தனை வாரம், இரவில் புதியவருக்கு எத்தனை நோயாளி, பதிவு வரும்வரை என்ன சம்பளம் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை அதே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஐ.சி.யு.வில் பணியாற்ற விரும்புபவர்களுக்கும், வெளிநாட்டுத் தேர்வுகளுக்கு அனுபவம் சேர்ப்பவர்களுக்கும், நார்செட்டுக்குப் படித்துக்கொண்டே கை பழக நினைப்பவர்களுக்கும் இந்தத் திட்டத்தைத் தயங்காமல் சொல்வேன். வீட்டுக்கு மாதாமாதம் பத்தாயிரம் ரூபாயாவது அனுப்பியாக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன். கையில் மிஞ்சும் ஏழாயிரத்துச் சொச்சத்தில் பெங்களூரில் மாதத்தை ஓட்டுவது கடினம். ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ முடித்தவர்களையும் இதே திட்டத்தில் எடுக்கிறார்கள். அவர்கள் நார்செட் எழுத, 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும் என்பதால், விலகும்போது தரப்படும் அனுபவச் சான்றிதழில் படுக்கைகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். என் அறைத்தோழிக்கு முதலில் தந்த சான்றிதழில் அந்த வரி இல்லை. மனிதவளப் பிரிவில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும், ஒரு வாரத்தில் திருத்தித் தந்தார்கள்.